கொடி நீந்திய குளம்

அண்ணி,

நேற்று என் மகன் புக்கிட் காதில் ஊரில் விலைக்கு வந்த ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு, கால்சட்டையெல்லாம் சேறாக வந்து நின்றான். "மீன் வளர்ப்பு நல்ல முதலீடும்மா, உங்களுக்குத் தெரியாது" என்றான். யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! அந்தச் சேற்று வாசனை மூக்கில் ஏறியதுமே, காஜா பெராங்கில் நம் வீட்டுப் பின்பக்கக் குளம் கண்முன் வந்துவிட்டது.

ஜப்பான்காரன் காலம். அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் நீங்கள், உங்கள் இரண்டு பிள்ளைகள், கல்யாணமாகாத நாத்தனார் நான். தெருவில் நகையை விற்றவர்களெல்லாம் வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை அடுக்கி வைத்தார்கள். நீங்களோ தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, அண்ணன் போட்ட தங்கக் கொடியை ஒரு ஜாவாக்காரரிடம் கொடுத்தீர்கள். அவர் குளம் வெட்டி, மீன் குஞ்சும் விட்டுத் தந்தார். "நோட்டு குஞ்சு பொரிக்குமா? மீன் பொரிக்கும்" என்றீர்கள். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழியில் மீன் வளர்க்கிறாள் என்று தெருவே சிரித்தது.

மரவள்ளி இலையைப் போட்டு வளர்த்தோம். முதல் முறை பொடிக் குஞ்சுகள் தெரிந்த அன்றைக்கே, தாய்மீன் அத்தனையையும் வாய்க்குள் இழுத்துக்கொண்டதை நாம் இருவரும் பார்த்தோம். கொடி போயிற்று என்று எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கு வந்தது கோபம்.

"பெத்த பிள்ளையைத் தின்னுறவ என் குளத்துல இருக்க வேணாம். குழம்புக்குப் போகட்டும், பிடி அவளை!"

பிடித்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டேன். நீங்கள் கத்தியோடு வந்து குனிந்தபோது அது வாயைத் திறந்தது. உள்ளிருந்து குஞ்சுகள் பொலபொலவென்று உயிரோடு கொட்டின.

"அடியே, தின்னலடி! ஒளிச்சு வச்சிருக்கா!"

கத்தியைப் போட்டுவிட்டு, அந்த மீனிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டீர்களே, நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

பிறகு குளம் நிறைந்தது. மீனைக் கொடுத்து அரிசி வாங்கினோம், உப்பு வாங்கினோம். சிரித்தவர்களும் சட்டியோடு வந்தார்கள். நீங்கள் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆனால் "குழி மீன்தான், பரவாயில்லையா?" என்று கேட்காமல் கொடுக்கவும் இல்லை. சண்டை முடிந்ததும் அவர்கள் அடுக்கி வைத்த நோட்டு அடுப்புப் பற்றவைக்கத்தான் ஆயிற்று. நம் வீட்டில் ஒரு நாளும் பிள்ளைகள் பசியோடு படுக்கவில்லை.

எலும்பும் தோலுமாக அண்ணன் திரும்பி வந்தார். உங்கள் கழுத்தைப் பார்த்தார்.

"கொடி எங்கே?"

"குளத்துல நீந்துது, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். வெகு நேரம் கரையிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்ததும், அவர் சாப்பிட்ட முதல் சோறு உங்கள் மீன் குழம்போடுதான். எத்தனையோ பெருமையை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன் அண்ணி, அன்றைக்கு உங்கள் முகத்தில் பார்த்ததற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

நேற்று மகன் குளத்துக்குப் பணம் கேட்கத் தயங்கிக்கொண்டே நின்றான். நானே என் சங்கிலியைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். பதறிப்போனான். "அம்மா, கழுத்து வெறுமையா இருக்கே, யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" என்றான்.

அதற்கான பதில் என்னிடம் எப்போதிருந்தோ இருக்கிறது, அண்ணி.