விளக்கை அணைத்துவிட்டு ஒரு டீ

தோழி,

டெட்டால் தண்ணீரில் தெர்மாமீட்டரைக் கழுவி வைத்தேன். விரலில் இன்னும் அந்த வாசனை. நம் ஆய்வகத்தின் வாசனை. பாப்பா தூங்குகிறாள், நெற்றி ஜில்லென்று இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்லவேண்டும். நீயோ மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருடமாகிறது.

ஏனாத்தூர் ஆய்வகத்தில் உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் சூட்டை அளக்கப் பார்த்தோமே. கண்ணுக்கே தெரியாத நுண்மணிகளைச் செல்லுக்குள் அனுப்பி, நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டால் அவை ஒளிரும். சூடு ஏறினால் ஒளி மங்கும். ஒருநாள் மங்கிக்கொண்டே போனது. செல் தானாகக் கொதிக்கிறது, பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். நீ சிரித்தாய்.

"அதுக்கு ஜொரம் இல்லடி. நம்ம லைட்டுதான் அத சுட வெச்சிக்கினு கீது. அணைச்சிட்டு வா, டீ குடிச்சிட்டு வந்து பாக்கலாம்."

திரும்பி வந்து ஒரு கணம் மட்டும் விளக்கைப் போட்டோம். மணிகள் பழையபடி பளிச்சென்று இருந்தன.

இன்று மத்தியானம், டாக்டர் கொடுத்த மருந்தில் இறங்கியிருந்த பாப்பாவின் காய்ச்சல் மறுபடி ஏறியது. காய்ச்சல் என்றால் போர்த்துவதுதானே எங்கள் வீட்டு வழக்கம். ஸ்வெட்டர், குல்லா, மேலே கம்பளி; ஜன்னல்களும் சாத்தியாயிற்று, உத்திரமேரூர் வெயிலில்! அக்குளில் வைத்துப் பார்க்கப் பார்க்கப் பாதரசம் ஏறியது. பயத்தில் இன்னும் இறுக்கிப் போர்த்தினேன். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கும்போதுதான் உன் சிரிப்பு ஞாபகம் வந்தது. சூடேற்றுவதும் நான், அளந்து பயப்படுவதும் நான்.

எல்லாவற்றையும் உருவிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். மாமியார் பதறினார்.

"இன்னாமே, ஜொரக்காரப் புள்ளைய வெத்து ஒடம்பா போட்டுட்ட? காத்து பூந்துக்காதா?"

பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டுப் பாப்போம் அத்தை. இறங்கலைன்னா பஸ் ஏறிடலாம்" என்றேன்.

"புள்ள அனலா கெடக்குது, ஒனக்கு டீ கேக்குதா!" என்றவர், தன் டம்ளரில் சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

பிறகு அளந்தேன். இறங்கியிருந்தது. மாமியார் தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கும் டீ குடுத்தியா?"

சிரித்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தேன்.

நாளைக் காலையிலும் அளக்கத்தான் போகிறேன். என் பயம் உனக்குத் தெரியாதா? ஆனால் அதற்கு முன்னால், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன்.