முனீஸ்வரன் ஆன பாட்டுக்காரன்

போன வாரம் மகன் சிங்கப்பூரில் வேலை முடிந்து வரும்போது ஒரு பிஸ்கட் டின் வாங்கி வந்தான். மூடியில் ஒரு வெள்ளைக்கார வாலிபன். இறகு செருகிய தொப்பி, தோளில் சரியும் அங்கி, முழங்கால்வரை பூட்ஸ். மாடியில் நிற்கிற பெண்ணை அண்ணாந்து பார்த்து, நெஞ்சில் கைவைத்து வாயைத் திறந்து பாடுகிறான். "பழைய காலத்துப் படம்மா, அழகா இருக்குல்ல" என்றான் மகன். டின்னைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளிடம் நான் என்னத்தைச் சொல்வது? சொன்னால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிறாளே, கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய லயத்தில் நமக்கு அடுத்தடுத்த அறைகள். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நீ இருமினால் நான் "தண்ணி குடிடி" என்பேன். நீ பால் மரம் வெட்டப் போவாய், நான் துரை பங்களாவில் கூட்டித் துடைக்கப் போவேன். அந்த பங்களாவில்தான் அவனை முதலில் பார்த்தேன்.

துரைசாணியின் பியானோ மேல் தோல் அட்டை போட்ட பெரிய படப் புத்தகம் ஒன்று இருக்கும். தூசி தட்டுகிற சாக்கில் நான் புரட்டுவதை ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அரைகுறை மலாயும் கையசைப்புமாக விளக்கினாள். இத்தாலி தேசத்து நாடகங்களாம். நம் கூத்தைவிட ஒரு படி மேல், பேச்சே கிடையாது, எல்லாம் பாட்டு. ஒவ்வொரு படத்திலும் ஒரு நாடகத்தின் கதாநாயகன். அவளுடைய தாத்தா காலத்தில் வரைந்து, அச்சடித்து, கையாலேயே வர்ணம் தீட்டியது. முதல் படத்தில் ஒருவன் காதலி மடியில் சாய்ந்து கிடந்தான். "இனி மாத்தி" என்றாள், இவன் செத்துப்போகிறான் என்று. இரண்டாவது ஆள் சிறைக் கம்பிக்குப் பின்னால் நின்றான். அவனும் மாத்தி. மூன்றாவது பக்கத்தைத் திருப்பும்போது வாசலில் கார் வந்து நின்றது. அவள் எழுந்து போய்விட்டாள். அந்த மூன்றாவது கதையை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

ஜப்பான்காரன் சண்டை வந்து துரையும் துரைசாணியும் தெற்கே ஓடியதும் பங்களா திறந்து கிடந்தது. ஆளாளுக்குக் கிடைத்ததை எடுத்தோம். நான் திரைச்சீலைகளை எடுத்தேன், நீ அந்தப் புத்தகத்தை எடுத்தாய்.

"சட்டி பானை எடுக்காம இதை எதுக்குடி தூக்கிட்டு வர்ற?" என்றேன்.

"பசிச்சா சட்டிய மட்டும் வச்சு என்ன பண்றது? இதப் பாத்தாவது சிரிக்கலாம்."

சிரித்தோம் அல்லவா, வயிறு நோகச் சிரித்தோம். "காலுக்கு என்னாடி பனியனை மாட்டியிருக்கான்" என்றாய் நீ. ஆனால் மூன்றாவது படம் வந்ததும் உன் சிரிப்பு நின்றது. முறுக்கிய மீசை, முழங்கால் பூட்ஸ், உருவிய வாள், பின்னால் வெள்ளைக் குதிரை. "முனீஸ்வரன்டி" என்றாய். கூத்துக்காரன்தான் என்று நான் சொன்னேன். "வேஷம் கட்டுனவன் மேல சாமி வராதா? எங்க ஊர்க் கூத்துல வந்திருக்கு" என்று கேட்டாய்.

பிறகு ஜப்பான்காரன் வீடு வீடாகச் சோதனை போடுகிறான், வெள்ளைக்காரன் பொருள் இருந்தால் அடித்தே கொல்லுகிறான் என்று சேதி வந்தது. புத்தகத்தைக் கிழித்து உன் அடுப்பில் போட்டோம். அந்த ஒரு படத்தை மட்டும் நீ கொடுக்க மறுத்துவிட்டாய். நெற்றியில் குங்குமம் வைத்து, தொப்பியை மறைத்துப் பூ சூட்டி, சாமிப் பலகையில் நிறுத்தி விளக்கேற்றினாய். சிப்பாய் வந்து பார்த்தான், தலையை ஆட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து லயம் முழுக்க அவன் முனீஸ்வரன்தான்.

ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வாசித்த பட்டியலில் உன் புருஷன் பெயர் இருந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றான். என் வீட்டுக்காரருக்குக் கால் ஊனம், அவரை லாரியில் ஏற்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. புருஷன் பக்கத்தில் இருந்ததால்தான் என் வாய் அத்தனை நீண்டது.

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. அவர் வரும்வரை தினமும் படையல் என்று நேர்ந்துகொண்டாய். உனக்குக் கிடைத்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை அந்தப் படத்துக்கு முன்னால் வைத்து, பிறகு சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய். உன் கால் வீங்கியது, கண் உள்ளே போனது. பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்துக்கு நடுவே என் அண்ணன் கிழங்கு போட்டிருந்தார், வரச் சொல்லி ஆள் அனுப்பினார். "வாடி போலாம், இங்க இருந்தா செத்துருவ" என்று மூன்று நாள் கெஞ்சினேன்.

"அவரு வந்தா இந்த வாசலுக்குத்தானே வருவாரு? சாமியே இங்கதான நிக்கிறாரு" என்றாய்.

மூன்றாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"சாமியாம் சாமி. அந்தக் கதை எனக்குத் தெரியும், துரைசாணி சொல்லியிருக்கா. அவன் சண்டைக்குப் போறான். போன எடத்துலயே செத்துப் போயிடுறான். பொண்டாட்டி வாசல்ல காத்துக்கிட்டே கெடப்பா. அந்தப் படத்துக்குத்தான் நீ வெளக்கு ஏத்துற."

"ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்."

பொய். எல்லாமே பொய். அவன் செத்தானா, பிழைத்தானா, குதிரையேறி வீடு வந்து சேர்ந்தானா, எனக்குத் தெரியாது. படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னோடு கிளம்புவாய், உயிர் பிழைப்பாய் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நீ கிணற்றடியிலிருந்து ஈரத்தோடு வந்தாய். நெற்றியில் பொட்டு இல்லை. கண்ணாடி வளையலை உடைத்திருந்தாய். தாலிப் பொன்னை முன்பே அரிசிக்குக் கொடுத்திருந்தோம். மிச்சமிருந்த மஞ்சள் கயிறும் கழுத்தில் இல்லை. "சாமி அன்னைக்கே காட்டியிருக்காரு, நான்தான் புரியாம பூ போட்டுக்கிட்டு இருந்துருக்கேன். வா, போலாம்" என்றாய்.

அப்போதே உன் காலில் விழுந்து பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். மூட்டை கட்டிவிட்டாளே, போய்ச் சேரட்டும், நாலு வாய் தின்னட்டும், அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். அங்கே போன பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்றேன். நீ கிழங்கைத் தின்றாய், கேட்டதற்குப் பதில் சொன்னாய், அவ்வளவுதான். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, மருந்து எங்கும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டாய். உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள் விதவைக்குச் செய்கிறபடி வெள்ளைத் துணி போர்த்தினார்கள். குங்குமம் எடுக்கப் போன ஒருத்தியின் கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சொன்னால் என் முகத்தில் துப்புவார்களே என்று பயந்தேன். உன்னிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது, அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் யோசித்தேன்.

ஜப்பான்காரன் போய்ச் சில மாதம் கழித்து உன் புருஷன் வந்தார்.

கால் முழுக்கப் புண், எலும்பும் தோலுமாக, யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்தேன். நீ சொன்ன மாதிரியே முதலில் உன் லயத்து வாசலுக்குத்தான் போயிருக்கிறார். அங்கே விசாரித்துத்தான் எங்களிடம் வந்தார். அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். உன் புருஷன் அழவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொட்டோடதானே போனா?"

கட்டியவன் இருக்கும்போது மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்வதுதான் ஒரு பெண்ணுக்குப் பாக்கியம் என்று நம்பிய மனிதர். அவருக்கு உன்னிடமிருந்து மிச்சமாகக் கிடைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

"ஆமாண்ணே" என்றேன். "மஞ்சள் பூசி, பூ வெச்சு, நெத்தி நெறையப் பொட்டு வெச்சுத்தான் அனுப்புனோம். நானே என் கையால வெச்சேன்."

அதன் பிறகுதான் அழுதார். அழுதுகொண்டே எழுந்து வந்து, "நீ நல்லாருக்கணும் தங்கச்சி" என்று இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை. அந்தக் கும்பிடை இத்தனை வருஷமாக நான்தான் வைத்திருக்கிறேன்.