கரைந்த கால்

பிப்ரவரி 2, ஞாயிறு
மாதா கோயிலில் பூசை முடிஞ்ச கையோடு ரம்யா மேடம் வீட்டு மாடிக்குப் போனேன். உப்புக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். ஞாயிறுதோறும் புத்தர் வழித் தியானம் சொல்லித் தருகிறார். மூச்சைக் கவனிக்கணும், பிறகு உச்சியிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு உறுப்பாக. போன மாசம் கடலுக்கடியில் சங்கு குளிக்கையில் காத்து டியூப் மடங்கி, பதறியடித்து மேலே வந்தேன். அதிலிருந்து கடலைப் பார்த்தாலே நெஞ்சு அடிக்குது, அதுக்குத்தான் இந்தத் தியானம்.

பிப்ரவரி 5
இன்று கவனம் முட்டி தாண்டி இறங்கியது. இடது பாதத்தில் — ஒண்ணுமே இல்லை. கரைஞ்சு போச்சு! தியானத்தில் உடம்பு கரையும் என்று எங்கேயோ வாசிச்சிருக்கேன். என் பெஞ்சாதி ஜெப்ஸியிடம் பெருமையடித்தேன். "ஆமா, பெரிய புத்தரு! மொதல்ல கேஸ் சிலிண்டரத் தூக்கி வைங்க" என்றாள்.

பிப்ரவரி 7
மறுபடியும் கரைந்தது. ஜெப்ஸியின் தம்பி ஜாக்சன், படகு அவனுடையது, "திங்கக்கெழம எறங்குதியளா அத்தான்?" என்றான். சரி என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு
பாராட்டுவார் என்று ரம்யா மேடத்திடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது.
"கண்ணைத் திறந்த பிறகும் அப்படித்தான் இருக்கா அண்ணாச்சி?"
அதை யோசிக்கவே இல்லையே! வீட்டுக்கு வந்து இடது பாதத்தில் ஊக்கால் குத்தினேன். ரத்தம் வருது. வலி இல்லை. மாதாவே! செருப்பு அடிக்கடி கழன்றதே, அதுவும் இதனாலயா? ஜெப்ஸியிடம் சொன்னா கடலுக்கு விடமாட்டா. கடல விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?

பிப்ரவரி 10
படகில் ஏறி, டியூபை வாயில் வைத்தும் ஆச்சு. வலது பாதத்தில் பலகை சுட்டது. இடதில் ஒண்ணுமில்லை. டியூபை எடுத்துட்டேன். "ஏலே ஜாக்சா, எனக்குக் கால் செத்துப் போச்சுலே" — ஓவென்று அழுதேன். அவன் படகைத் திருப்பினான்.

பிப்ரவரி 11
டாக்டர் ஏசினார். ஆழத்திலிருந்து சடக்கென்று மேலே வந்ததில் நரம்பு அடிபட்டிருக்கு. இன்னொரு தரம் இறங்கினா நடையே போயிருமாம். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?

மார்ச் 25, செவ்வாய்
ஜாக்சன் கடலுக்குப் போயிட்டான். நான் வாசலில் உட்கார்ந்து, உச்சியிலிருந்து மெல்ல இறங்கி வந்தேன். இப்பல்லாம் எதுவும் கரைய வேண்டாம், இருந்தாப் போதும். இடது பெருவிரலில் சுருக்கென்றது. கண்ணைத் திறந்தேன். கட்டெறும்பு. தட்டிவிட மனசு வரலை.
"என்னத்துக்கு அழுதிய?" என்று ஜெப்ஸி ஓடிவந்தாள்.
"வலிக்குதுளா" என்றேன்.