பிளாக்கிக்கு ஒரு ஹார்னஸ்

மார்ச் 3, திங்கள்
கிள்ளானில் விடியும்போதே தூறல். ஐந்தரைக்கு எழுந்தேன். வீட்டுக்காரருக்குக் கஞ்சி, மருந்து, துணி மாற்றல். பிறகு நாயோடு நடை. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, முனையில் ஒரு லோரி ஹாரன் அடித்தது. மிரண்ட பிளாக்கி பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டான். என் கையில் வெறும் கழுத்துப்பட்டை. அவன் நடுரோட்டில்.

லோரி அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "அக்கா, நாயை ஒழுங்கா பிடிங்க லா!" என்று டிரைவர் கத்தினார்.

பிளாக்கியை அணைத்து ஓரத்துக்கு இழுத்துவந்தேன். வேலைக்கு அரை மணி தாமதம்.

இவரிடம் சொல்லவில்லை. இடது பக்கம் பக்கவாதம் வந்து ஏழு மாதம். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் மட்டும் நடப்பார். வெளியே போவதில்லை, டிவி கூடப் பார்ப்பதில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "பிளாக்கி நடந்தானா?"

மார்ச் 5, புதன்
கிளினிக் வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் நாய்ச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கழுத்தை விட்டு நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் கேட்டேன்.

"நெஞ்சு எத்தனை இன்ச், ஆன்டி?" என்றாள் கடைப்பெண்.

"பதினெட்டு கிலோ."

"கிலோ வச்சு சொல்ல முடியாதே."

நிற்க முடியவில்லை. எம் சைஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். வீட்டில் மாட்டினால் தொளதொள. பிளாக்கி இரண்டு எட்டு பின்னால் வைத்தான், கழன்று விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இவர் பார்த்துவிட்டார். "என்ன நடந்துச்சு, சொல்லு." லோரி விஷயத்தைச் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்
எழுந்ததும் இவர் குரல். "தையல் டேப் எடுத்துட்டு வா. நான் அவனைப் பிடிச்சுக்கிறேன்."

வலது கையால் அணைத்துக்கொண்டார். பிளாக்கி அசையவில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சு 26. கழுத்து 16. "இன்னொரு தடவை அள," என்றார். அதே 26.

மார்ச் 7, வெள்ளி
எனக்குக் கால் வீக்கம். அளவைச் சொன்னதும் கடைப்பெண் மாற்றித் தந்தாள், சிறியது. முன்னால் ஒரு வளையம், முதுகில் ஒன்று. "எல்லாப் பட்டைக்கும் கீழ ரெண்டு விரல் போகணும். அக்குள்ல உரசக் கூடாது, ஆன்டி."

வீட்டில் பட்டைகளை இழுத்துச் சரிசெய்தேன். இரண்டு விரல் போகிறது. பின்னால் இழுத்துப் பார்த்தேன். கழலவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
வெயில். துணி இரண்டு வாளி.

"நானும் வரேன்," என்றார் இவர்.

"விழுந்தா நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?" கத்திவிட்டேன்.

"விழுந்தா பக்கத்து வீட்டுல கூப்பிடு. நாலு வீடு தாண்டி திரும்பிடலாம்."

முதுகு வளையத்துக் கயிறு என் கையில். முன் வளையத்துக்கு இன்னொரு கயிறு, அதை இவருடைய இடது கைவிரல்களில் சும்மா வைத்தேன். வலது கையில் ஊன்றுகோல். பிளாக்கி இழுக்கவே இல்லை. மூன்றாவது வீட்டில் இவர் கால் இழுபட்டது. பிளாக்கி நின்றான். நானும்.

"அவசரம் இல்ல லா," என்றார். நாயிடமா, என்னிடமா, தெரியவில்லை.

நான்கு வீடு. திரும்பி வந்தோம். நாற்காலியில் சாய்ந்தவர், "நீ போய் படு," என்றார்.

மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.