கூடையில் குறைந்த ஒரு காளான்

என் தங்கப் பேத்திக்கு,

உன் அப்பாவைப் பெற்றவள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. எழுத்து ஏறி இறங்கி இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

எட்டு நாளாக மழை விடவில்லை. உன் அப்பா மரப்பட்டறையில் நனைந்துவிட்டு வந்து வீட்டையே தும்மலால் ஆட்டுகிறான். துவைத்த துணி எதுவும் காயவில்லை என்று உன் அம்மாவுக்கு எரிச்சல். மழைக்கு நான் பொறுப்பு மாதிரி என்னைப் பார்க்கிறாள்.

போன வாரம் நீ இரண்டு கடிதம் போட்டாய். எனக்கு ஒரு பக்கம். பைப் பாட்டிக்கு ஒன்றரைப் பக்கம். நான் ஒன்றும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. அவள்தான் நான் போகும் நேரமாகப் பார்த்து மேசையில் விரித்து வைத்திருந்தாள். உன் அம்மாவைப் பெற்றவள் வைக்கோல் பையில் காளான் வளர்க்கிறவள், அதனால் அவள் பைப் பாட்டி. நான் காட்டில் பொறுக்குகிறவள், அதனால் காட்டுப் பாட்டி. நாலு வயதில் நீ வைத்த பெயர்கள். பெயர் இரண்டு பேருக்கும் வைத்தாய். மடி மட்டும் அவளுடையதுதான் வேண்டும் என்றாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவளிடம் எனக்கு என்ன கோபம் என்று நீ கேட்டாய். உன் அம்மா கல்யாணத்துக்கு மறுநாள், ஈரம் காயாமல் பறித்து வந்து நான் வதக்கிப் போட்ட காளானை வாயில் வைத்துக்கொண்டு, பதினோரு பேர் முன்னால், "மண்ணு நெறநெறங்குது சம்பந்தி, இன்னும் ரெண்டு தண்ணி விட்டு அலசியிருக்கலாம்" என்றாள். இருபத்தேழு வருஷம் ஆகிறது. அன்று அவள் தோட்டில் இடது பக்கம் ஒரு கல் இல்லை. அதுகூட நினைவிருக்கிறது.

அவள் காளானையும் ஒரு காளான் என்கிறார்கள். பின்னறையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பைகள். வைக்கோலை வேகவைத்து, விதை தூவி, ஓட்டை போட்டு, காலையும் மாலையும் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி தண்ணீர் தெளிப்பாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. காட்டுக் காளான் அப்படியா? ஒன்று முரடு, ஒன்று சாது, ஒன்று ஆளைக் கொல்லும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நான் காயவைத்து அனுப்பிய காளானைப் பற்றி நீ என்ன எழுதினாய்? "காட்டு வாசனைன்னா இதுதான் பாட்டி. பைப் பாட்டி காளான் கிட்டகூட வராது" என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, குடைகூட எடுக்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். நிற்கவைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த வரியை இரண்டு தடவை. அவள் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். சுருங்கவில்லை. "நல்ல நாக்கு அவளுக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

வாசல் வரை வந்த உன் மாமாவுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தை, காட்டோரம் விழுந்து கெடக்குற மரத்துக்கிட்டதானே பொறுக்குறீங்க? எங்க பழைய பையெல்லாம் அங்கதான் பிரிச்சுக் கொட்டுறேன். மரத்துக்கடியில திணிச்சு வைன்னு அம்மாதான் சொன்னாங்க" என்றான்.

போய்த் தடவிப் பார்த்தேன். வைக்கோல். பத்து மாதமாக நான் காட்டுக் காளான் என்று பறித்தது, ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது, உனக்கு அனுப்பியது, எல்லாம் அவளுடைய பையில் வளர்ந்த மிச்சம்.

ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் இப்படிச் செய்தாள் என்று திரும்பிப் போய்க் கத்தினேன். பழைய கணக்கையும் எடுத்தேன். போன மழைக்கு நீ லீவில் வந்தபோது நான் ஒரு கூடை பறித்து வந்தேன் அல்லவா? அவள் வந்து கூடையைக் கிளறி, வாசனை பார்ப்பதாகச் சொல்லி, இருந்ததிலேயே பெரிய வெள்ளைக் காளானை எடுத்துப்போனாள். திருடி என்று பதினோரு மாதமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன். "அதை என்ன பண்ணீங்க, தின்னீங்களா?" என்றேன்.

"புதைச்சேன்" என்றாள்.

ஆளைக் கொல்லும் காளானுக்குக் கழுத்தில் வளையம், அடியில் கிண்ணம். அந்த ஜாதியை நான் ஐம்பது வருஷமாகக் கையால் தொட்டதில்லை. மண்ணைத் தோண்டி அடியைப் பார்க்காமல் எதையும் எடுத்ததில்லை. ஆனால் போன மழையில் குனிய முடியவில்லை. கம்பு நுனியில் கத்தியைக் கட்டி நின்றபடியே அறுத்தேன். கிண்ணம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. வளையம் மேலேதான் இருந்திருக்கும். அதை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நான் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டீங்க? காட்டுக்குப் போகாதீங்கன்னா இன்னும் உள்ளதான் போவீங்க. ஓரத்துலயே கெடைச்சா அங்கயே நிப்பீங்கன்னு பார்த்தேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லையாம். உன் அம்மாவிடம்கூட.

அந்தக் கூடைக் காளானைச் சமைத்த அன்று சாயங்காலம் நீ இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். மறந்திருப்பாய். எனக்கு ஐந்து நாளாக அது ஒன்றுதான் நினைவில் நிற்கிறது.

கண்ணும் அவளுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. நல்ல பெயரும் அவளுக்கே. திட்டுவதற்கென்று எனக்கு ஒருத்தி இருந்தாள், அதையும் பிடுங்கிக்கொண்டாள். மண் நெறநெறத்தது என்று சொன்னதை மட்டும் நான் விடப்போவதில்லை.

கத்தியைக் கம்பிலிருந்து அவிழ்த்துவிட்டேன். கூடையில் இப்போது துணி கவ்விகள் கிடக்கின்றன. காட்டுக்குள்ளே என் இடம் எதுவென்று உன் தாத்தாவுக்கே நான் காட்டியதில்லை. நீ வரும்போது அவளையும் கூப்பிட்டுக்கொள். விழுந்த மரம் வரை நான் வருகிறேன். அங்கிருந்து வழி சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள். அவள் அடியைத் தோண்டிப் பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கச் சொல்.

இந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அவள் வீட்டுக்குப் போ. நானே சொல்கிறேன். ஒரு நாள், அவ்வளவுதான். மறுநாள் இங்கே வந்துவிடு. அவள் காளானைத்தான் சமைப்பேன், மூன்று தண்ணீர் விட்டு அலசி. என் கையால் போட்டதை நீ பயப்படாமல் சாப்பிட வேண்டும்.

நோய் நொடி இல்லாமல், என் வயதையும் தாண்டி நீ இருக்க வேண்டும்.

உன்
காட்டுப் பாட்டி

இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே. எனக்கு எழுதும்போது இரண்டு பக்கம் எழுது.