சுண்டுவிரல் தொடும் இடம்

மார்ச் 3

சிலை போய்விட்டது. அதே ஸ்டூலில் அதே மாதிரி இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. மாமா தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்தது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கும் பெண். பள்ளிப் புத்தகத்தில்கூட அந்தப் படம் வரும். அதைக் கல்லில் செதுக்கிய சிற்பி உயிரோடு இருந்தபோதே வெண்கலத்தில் வார்த்தது ஒன்று என் மாமனாரிடம் இருக்கிறது. கண்காட்சிக்கு ஒரு மாதம் மியூசியம் கேட்டது. "நான் போனப்புறம் எடுத்துட்டுப் போங்க" என்றுவிட்டார். என் வீட்டுக்காரருக்கோ 'இன்னார் சேகரிப்பிலிருந்து' என்று அட்டையில் போடவேண்டும் என்று ஆசை. மாமா கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோதே சத்தமில்லாமல் பட்டறையில் அச்செடுக்கக் கொடுத்திருக்கிறார் இவர்! ஆபரேஷன் செய்தும் மாமாவுக்குப் பார்வை திரும்பவில்லை. "அவருக்குத் தெரியவா போகுது?" என்று சொல்லிவிட்டு இவர் ஆபீஸுக்குக் கிளம்பியாயிற்று. நாள் முழுக்க அவரோடு வீட்டில் இருப்பது யார்? நான்தானே.

மார்ச் 4

காபி குடித்ததும் மாமா வழக்கம்போலச் சிலையின் முதுகில் கை வைத்தார். பெருவிரல் கழுத்தடியில், சுண்டுவிரல் கீழே. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, என் கை பெருசாயிடுச்சா?"

எப்போதும் இடுப்பு மடிப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும் சுண்டுவிரல், இன்று மடிப்புக்குள் போய் உட்கார்ந்ததாம்.

"லேசா வீங்கியிருக்கு மாமா."

எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? யோசிக்கக்கூட இல்லை. வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 5

இவரைப் பிடித்து உலுக்கினேன். வார்த்த சிலையிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால், ஆறும்போது கொஞ்சம் சுருங்குமாம். பட்டறைக்காரர் அப்போதே சொன்னாராம். "நூல் அளவுதான், அதை யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்று இவர்தான் விட்டுவிட்டாராம். கண்டுபிடிக்க வேண்டியவர் கண்டுபிடித்தாயிற்றே! அவரிடம் சொல்லிவிடலாம் என்றால், "ஒரு மாசம் வாயை மூடிட்டு இரு தாயே" என்று கும்பிடுகிறார்.

மார்ச் 8

வீக்கத்துக்கு உப்பை நிறுத்திவிட வேண்டும் என்று மாமாவே முடிவு செய்துவிட்டார். டாக்டரிடம் போகலாமா என்றேன். "நீ பார்த்துச் சொன்னா போதாதா?"

மார்ச் 12

சப்பென்று இருக்கும் சோற்றை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்.

பேப்பர் வாசித்தேன். தலைப்புச் செய்தியிலிருந்து வாடகைக்கு வீடு விளம்பரம் வரைக்கும். நான் வாசிப்பதுதான் அவருக்கு ஊர் உலகம். இன்றுவரை ஒரு வரி கூட்டியதில்லை, குறைத்ததில்லை. பெரிய அரிச்சந்திரி!

மார்ச் 15

மோதிரம் வீக்கத்தில் மாட்டிக்கொள்ளுமே என்று கழற்றினார். அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "லூசாத்தான் இருக்கு..." என்று இழுத்தார். பிறகு, "நீ சொன்னா சரிதான். எடுத்து வை" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

ஐயோ. இதற்கு மேல் என்னால் முடியாது.

மார்ச் 16

சொல்லிவிட்டேன். இவரைக் கேட்கவில்லை.

"அப்ப என் கை?"

"நல்லாத்தான் இருக்கு மாமா. எப்பவும் போலத்தான் இருக்கு."

திட்டியிருந்தால் தேவலை. "என் விரல் அன்னைக்கே சொல்லுச்சு. நான்தான் அதை விட்டுட்டு உன்னை நம்பினேன்." அவ்வளவுதான் சொன்னார்.

மார்ச் 17

உப்பு போட்டேன். சாப்பிட்டார். பேப்பரோடு போய் உட்கார்ந்தேன்.

"ரேடியோவைப் போடும்மா."

மார்ச் 18

ரேடியோ.

மார்ச் 22

இவர் மன்னிப்புக் கேட்டார். "விடுடா, உன்னைப் பத்தித் தெரியாதா" என்று மாமா சிரித்தேவிட்டார். பிள்ளைக்குச் சிரிப்பு. எனக்கு ரேடியோ. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 4

சிலை வந்துவிட்டது. சுண்டுவிரல் மடிப்புக்கு முன்னாலேயே நின்றது. "இதுதான்" என்றார். மோதிரத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அப்புறம் ரேடியோதான்.

ஏப்ரல் 9

"பேப்பர் வந்துச்சா?"

கேட்டது என்னைத்தானா? ஓடிப்போய் எடுத்து வந்தேன். தலைப்புச் செய்தியிலிருந்து வாசித்தேன். வானிலை வரைக்கும் வந்ததும், "போட்டிருக்கிறது சரிதான் மாமா, காலையிலிருந்தே தூறுது" என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்.

"அப்படியா?"

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டினார். நான் பேப்பரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ம், மேல படி."