கலியாண வீட்டுச் சோறு

விக்டோரியா, அவுஸ்திரேலியா
02.02.2025

அன்பின் ரூபிக்கு,

போன் இருக்க இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார், விசர் பிடித்துவிட்டதோ என்று நினைப்பாய். போனில் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஒழுங்காகக் கதைத்து எவ்வளவு காலம்? நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் லோஜனா போனைப் பறித்து "அப்பா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறாள். பிள்ளையை நடுவில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. கடிதமென்றால் வாசித்துவிட்டுத் திட்டினாலும் எனக்குக் கேட்காது.

நான் சுகம். இங்கே இப்போது நல்ல வெயில் காலம், ஆனால் நான் வேலை செய்கிற இறைச்சித் தொழிற்சாலைக்குள் வருடம் முழுவதும் குளிர்தான். உரித்த ஆடுகள் சங்கிலியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு வரும். மேல் கொழுப்பைச் சீவுவது என் வேலை. படகில் வந்து இறங்கிய காலத்திலிருந்து தற்காலிக விசாதான். கடைசி மனுவுக்கு முடிவு சீக்கிரம் வரும் என்று சட்டத்தரணி சொல்கிறார்.

பெரியண்ணன் உனக்குச் செம்மறிக் குட்டிகள் வாங்கித் தந்தது பெரிய ஆறுதல். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிண்ணியா வியாபாரிகள் நல்ல கிடாய் தேடி வருவார்கள். எங்கள் கொம்பனிக்கு ஆடு அனுப்புகிற பண்ணைக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் சொன்னது இது: மேய்ச்சலில் வளர்ந்த குட்டிக்குத் திடீரென்று தானியத்தை அள்ளிக் கொடுக்கக் கூடாது. இலை குழையும் புல்லும்தான் முதல். பிறகு தவிடு, சோளம் என்று ஒரு பிடியில் தொடங்கி, வயிறு பழகப் பழகக் கூட்ட வேண்டும். தராசு தேவையில்லை. முதுகெலும்பில் விரலை வைத்து அழுத்திப் பார். எலும்பு கூராகக் குத்தினால் தீனி காணாது. மெத்தென்று இருந்து, அடியில் எலும்பு தட்டுப்பட்டால் சரி. எலும்பே தெரியாவிட்டால் அது வெறும் கொழுப்பு. அப்படி வருவதைத்தான் நான் இங்கே சீவிக் கழிவில் போடுகிறேன்.

விற்கிற நாளில் துரத்தவோ அடிக்கவோ விடாதே. பயந்து களைத்த ஆட்டின் இறைச்சி கறுத்துப் போய்க் கையில் ஒட்டும். தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணனின் சொல் கேட்டு நட. உங்கள் இருவருக்கும் அங்கே அவர்தான் துணை. லோஜனாவைப் படிக்கச் சொல்.

உன்
ரிஷி

•

இறக்கக்கண்டி
01.03.2025

அன்பின் லோஜனாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் வாசலில் நின்றபடியே, "அவுஸ்திரேலியாக் கடிதம் பிள்ளை, விசா வந்திட்டுதோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, ஆட்டுக்குத் தீன் வைக்கிற விசயம்" என்றேன். மனிதர் சைக்கிளில் ஏறியும் சிரித்துக்கொண்டே போனார்.

ஆட்டுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு ஒரு வரி. கோபத்தில் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான். நீங்கள் போகும்போது என் இடுப்பில் இருந்தவள் இப்போது என்னைவிட உயரம். கரும்பலகை தெளிவாகத் தெரியவில்லை என்கிறாள். கண்ணாடி போட வேண்டும்.

குட்டிகள் நன்றாக இருக்கின்றன. நீங்கள் எழுதியபடிதான் செய்கிறேன். காலையில் களப்புப் பக்கம் மேய விடுகிறேன், பின்னேரம் கிளிசரியாக் குழை, கடைசியில் ஒரு பிடி தவிடு. குழை வெட்ட யோகம்மா அக்கா வருகிறா. ஞாபகம் இருக்கிறதா, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவ, துறைமுகத்தில் கூட்டித் துப்புரவாக்கும் வேலை. பஸ்ஸால் இறங்கி நேரே கத்தியோடு வந்துவிடுவா. கூலிக்குப் பதில் தன் கத்தரிக் கன்றுகளுக்கு ஆட்டெரு கொண்டுபோவா. உங்கள் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆட்டுக்கு எவ்வளவு பக்குவமாப் பத்தியம் சொல்லுறார் பார். எனக்கு இந்தச் சீனி வருத்தத்துக்கு ஒருத்தன் இப்பிடிச் சொல்லியிருந்தா நான் கேட்டு நடந்திருப்பன்" என்றா.

கிண்ணியாவிலிருந்து ஆட்டு வியாபாரி முத்தலிப் நானா வந்து பார்த்தார். நீங்கள் எழுதிய மாதிரியே முதுகில் விரலை வைத்து அழுத்தினார். "நல்லா வருது தங்கச்சி. இப்பிடியே பொறுமையா வளருங்க, பெருநாளுக்கு நானே வந்து ஏத்துறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறுமை இல்லாதவர் இராசதுரை அத்தான்தான். உங்கள் அண்ணனைப் பற்றிக் குறை சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். மீன் லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பட்டியை எட்டிப் பார்ப்பார். "குழை திண்டு எப்ப கொழுக்கிறது? நாலு சாக்குச் சோளத்தை வெட்டிக் கொட்டு" என்பார். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "குளிர்பெட்டிக்குள்ள நிண்டுகொண்டு அவன் எனக்கு ஆடு வளர்க்கச் சொல்லித் தாறானோ?" என்று கேட்டார்.

விசா முடிவு எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எனக்குச் சொல்லுங்கள். நல்லதை மட்டும் சொல்லிச் சொல்லி இத்தனை வருடம் போய்விட்டது.

குளிருக்குக் கழுத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
ரூபி

•

இறக்கக்கண்டி
22.05.2025

அன்பின் லோஜனாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, லோஜனாவுக்குக் கண்ணாடி எடுக்கப் பட்டணத்துக்குப் போனேன். பின்னேரம் திரும்பி வந்தால் பட்டிக்குள் ஒரே சத்தம். இராசதுரை அத்தான் நிலாவெளியில் ஒரு கலியாண மண்டபத்தில் மிஞ்சின சோற்றைக் கிடாரத்தோடு லொறியில் ஏற்றி வந்து தொட்டிகளில் கொட்டியிருந்தார். குட்டிகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு தின்றன. வயிறுகள் மத்தளம் மாதிரி. நான் ஓடிப்போய் மிச்சத்தை வழித்து வெளியே எறிந்தேன். "பெருநாளுக்குக் கிட்டக் கிட்ட வந்திட்டுது. ஒருக்காலாவது வயிறு நிறையட்டும், விடு" என்று அவர் சிரித்தார்.

காலையில் பல குட்டிகள் எழும்பவில்லை. பல்லை நறநறவென்று கடித்தன. கழிச்சல் தண்ணீராகப் போனது, புளித்த மணம். மிருக வைத்தியர் தம்பலகாமத்தில் நின்றார். போனில் அப்பச்சோடாவைக் கரைத்துப் பருக்கச் சொன்னார். லோஜனா ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கிப் பிடிக்க நான் பருக்கினேன். மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன.

அத்தான் போன் எடுத்து முத்தலிப் நானாவை வரவழைத்தார், சாகாமல் கிடக்கிறவற்றை அறுத்துவிடலாம் என்று. நானா வந்தார். குனிந்து ஒரு குட்டியின் வாயை மணந்து பார்த்தார். "இது செத்துக்கொண்டிருக்கு, துரை. இதை அறுத்து நான் ஆருக்குக் குடுக்கிறது? செத்ததைப் பத்திக் கதைக்கவே வேணாம். ஆழமாக் கிடங்கு வெட்டிப் புதையுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அத்தான் செத்த குட்டிகளை மீன் ஐஸ் பெட்டிகளுக்குள் போட்டு லொறியில் ஏற்றினார். கடற்கரையில் புதைக்கப் போவதாகச் சொன்னார். "புதைக்க ஏன் ஐஸ் பெட்டி?" என்று கேட்டேன். "நாறாமல் இருக்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் துறைமுக வாசலில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆட்டிறைச்சிப் பார்சல் மலிவு. யோகம்மா அக்கா அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறா. துறைமுகத்தில் வேலை செய்கிற இன்னும் சிலரும் சாப்பிட்டிருக்கிறார்கள். இரவோடிரவாக எல்லோருக்கும் வயிற்றோட்டமும் சத்தியும். மற்றவர்கள் சேலைன் ஏற்றித் தப்பிவிட்டார்கள். அக்காவுக்கு ஏற்கனவே சீனி வருத்தம், உடம்பு தாங்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கண் குழி விழுந்து கிடந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "இறைச்சி ஒரு மாதிரி மணந்தது ரூபி. காசு குடுத்து வாங்கினதை எப்பிடி எறியிறது எண்டு திண்டிட்டன்." அது எந்த ஆடு என்று அவவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விடிய அக்கா போய்விட்டா.

சுகாதாரப் பரிசோதகர் கடைக்காரனைப் பிடித்தார். அவன் மீன் லொறிக்காரரைக் காட்டினான். என்னிடமும் வந்து கேட்டார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று வாய் சொல்லிவிட்டது. இனி யூலையில் நீதிமன்றத்தில் கேட்பார்களாம். அத்தான் வந்து குசினி வாசலில் நின்றுகொண்டு, "செத்ததை எல்லாம் தாட்டது எண்டு சொல்லு. வித்தது நல்லா இருந்ததுகளை அறுத்த இறைச்சி எண்டு சொல்லு. நீ கண்ணால கண்டனி எண்டு சொல்லு" என்றார்.

உங்களிடம்தான் கேட்கிறேன். போனில் வேண்டாம், போனில் நீங்கள் அண்ணனுக்கும் சேர்த்துக் கதைப்பீர்கள். தனியே இருந்து யோசித்து எழுதுங்கள்.

உங்கள்
ரூபி

•

விக்டோரியா
12.06.2025

அன்பின் ரூபி,

கடிதம் வாசித்த நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. யோகம்மா அக்காவின் முகம் எனக்கு நல்ல ஞாபகம். அடுத்த நாள் வேலையில் சங்கிலி ஓட ஓடக் கை நின்றுவிட்டது. சுப்பவைசர் வந்து கத்தினார். நான் எடுத்த அழைப்புகளுக்கு நீ பதில் தரவில்லை. சரி, எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

முதலில் என் செய்தி. மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. மார்ச் மாதமே தெரியும். உன்னிடம் சொல்லத் துணிவு வரவில்லை. இனி எந்த நேரமும் என்னை ஏற்றி அனுப்பலாம். அப்படி வந்தால் விமான நிலையத்தில் விசாரணை, பிறகு ஊரில் விசாரணை. அங்கே எனக்காக வந்து நிற்கப் போகிறவர் அண்ணன் ஒருவர்தான். நீங்கள் இருக்கிற வீடும் அவருடைய காணி. அவர் உள்ளே போனால் உனக்கும் பிள்ளைக்கும் ஆர்? எனக்கு ஆர்?

நடந்தது பிழை. இங்கே தொழுவத்தில் செத்து விழுந்த ஆட்டை உள்ளே கொண்டுவரவே விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அக்கா ஏற்கனவே வருத்தக்காரி. இறைச்சியால்தான் போனவ என்று ஆர் நிச்சயமாகச் சொல்ல முடியும்? அண்ணனைச் சிறையில் போட்டு அவவைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது.

அண்ணன் சொன்னபடியே சொல். குட்டிகள் உயிரோடு நடமாடும்போதுதான் அறுத்தது, நீ பக்கத்தில் நின்றாய். அவ்வளவு போதும். ஒரு வசனம்தானே ரூபி. எனக்காகச் சொல். லோஜனாவுக்காகச் சொல்.

உன்
ரிஷி

•

அன்புவழிபுரம்
24.07.2025

ரிஷிகேசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து மேசையில் கிடந்தபோதுதான் யோகம்மா அக்காவின் மகன் ஜதுர்சன் வீட்டுக்கு வந்தான். வெள்ளவத்தையில் கடையொன்றில் வேலை செய்தவன். தாயின் காரியத்துக்கு வந்து பிறகு திரும்பிப் போகவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். பிறகு கேட்டான்: "மாமி, அம்மா சாப்பிட்டது உங்கட ஆடோ?"

"ஓம்" என்றேன்.

"செத்த ஆடோ?"

"ஓம், ராசா."

சத்தம் போடுவான், கையை நீட்டுவான் என்று நினைத்தேன். அவன் கோப்பையைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு வந்தான். "அப்ப இதைக் கோட்டில சொல்லுவீங்களோ?" என்று மட்டும் கேட்டான். அதற்கும் ஓம் என்றேன். நீதிமன்றத்தில் சொல்லியும் விட்டேன். மண்டபத்துச் சோற்றில் தொடங்கி, ஐஸ் பெட்டி வரை. முதலில் தெரியாது என்று பொய் சொன்னதையும் சொன்னேன். முத்தலிப் நானாவும் வந்து தான் கண்டதைச் சொன்னார். உங்கள் அண்ணன் விளக்கமறியலில் இருக்கிறார்.

அன்று பின்னேரமே உங்கள் அண்ணி வந்து எங்கள் சட்டிபானைகளை வாசலில் எடுத்து வைத்தா. நான் சண்டை பிடிக்கவில்லை. அவவின் நிலையில் அவ வேறு என்ன செய்வா. தப்பின குட்டிகளை முத்தலிப் நானா கிண்ணியாவுக்குக் கொண்டுபோனார். பெருநாள் முடிந்துவிட்டது, மேய்ச்சலில் விட்டு உடம்பு தேறட்டும் என்றார். நாங்கள் என் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டோம். இடம் நெருக்கம்தான்.

உங்களுக்கு மனு சரிவரவில்லை என்பது எனக்கு உண்மையாகவே துக்கம். மார்ச் மாதமே சொல்லியிருந்தால் உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன். ஆனால் அந்தக் கடிதத்தில் அதை வைத்து என்னிடம் ஒன்று கேட்டீர்களே, அதுதான் தாங்க முடியவில்லை. அங்கே முகம் தெரியாத வெள்ளைக்காரர் சாப்பிடுகிற ஆட்டுக்கு இத்தனை கவனம். எங்களோடு நின்று குழை வெட்டின மனுசி என்ன சாப்பிட்டுச் செத்தா என்பது மட்டும் உங்களுக்கு ஒரு வசனம்.

கடிதத்தை லோஜனா வாசித்துவிட்டாள். நான் மறைக்கவில்லை. மறைத்திருக்க வேண்டுமோ என்று இப்போது யோசிக்கிறேன். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தாள். "அம்மா, இது அப்பா தானா எழுதினதோ, பெரியப்பா சொல்லி எழுதினதோ?" என்று கேட்டாள். அவளுக்காக ஒரு பொய் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. "அப்பாதான் எழுதினவர்" என்றேன். அவள் கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

நீங்கள் திரும்பி வந்தால் மகளைப் பார்க்கலாம். நான் தடுக்க மாட்டேன். எனக்காக வர வேண்டாம். இந்த வீட்டு விலாசத்தை எழுதவில்லை, தேடவும் வேண்டாம். லோஜனாவின் போன் இலக்கம் பழையதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு முடிந்து பின்னேரம் வீட்டில் இருப்பாள். சோதனை வருகிறது, படிப்பைப் பற்றிக் கேளுங்கள். எழுதினதைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஜெயரூபி